தண்ணி விட்ட நிலம்

என் அண்ணியை ஊரில் எல்லோரும் சேற்றுக்காரி என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்குள் காலை வைத்த நாளிலிருந்து எங்களுக்குள் நடக்காத சண்டை கிடையாது. துவைக்கிற சோப்பிலிருந்து அவர் மகளுக்குத் தலை பின்னுவது வரை எல்லாவற்றிலும் முட்டிக்கொள்வோம். நாத்தனார் என்றால் அப்படித்தான். ஆனால் நான் சொல்லலாம், ஊர் சொல்லக் கூடாது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஏரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரி தானாக உண்டானதில்லை. இரண்டு மலைகள் நெருங்கி வருகிற இடத்தில் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளத்தாக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேட்டில் நின்று பார்த்தால் விரித்து வைத்த கை மாதிரி இருக்கும். அணைப் பக்கம் உள்ளங்கை. மலை இடுக்குகளுக்குள் நீள்கிற கிளைகள் விரல்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஓர் ஓடை வந்து விழும். எங்கள் தெரு அப்படி ஒரு விரல் நுனியில் இருக்கிறது.

நான் அணைக்குப் பக்கத்தில் இருக்கிற விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். வந்து தங்குகிறவர்கள் பால்கனியில் நின்று, "என்ன ஒரு இயற்கை அழகு!" என்பார்கள். மதகைத் திறந்தால் இறங்கி, மூடினால் ஏறுகிற இயற்கை. சம்பளம் கொடுக்கிற இடத்தில் வாயைத் திறந்து என்ன ஆகப் போகிறது?

இந்த ஏரிக்கு இதுதான் கரை என்று ஒன்று கிடையாது. மழை முடியும்போது தண்ணீர் மரங்களின் வேர் வரைக்கும் நிற்கும். அப்புறம் மின்சாரத்துக்கும் கீழே இருக்கிற வயல்களுக்கும் விட விட, மட்டம் இறங்கிக்கொண்டே போகும். கோடையில் மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே, ஏரியைச் சுற்றி ஒரு செம்மண் பட்டை மொட்டையாகக் கிடக்கும். அதில் புல்கூட நிலைக்காது. நிலத்துப் புல் முளைத்தால் மழைக்காலத்தில் மூழ்கிச் சாகும். பாசி பிடித்தால் கோடையில் காய்ந்து சாகும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று யாரால் வாழ முடியும்? முக்குளிப்பான் குருவி விவரம் புரியாமல் தண்ணீர் ஓரத்தில் கூடு கட்டும். முட்டை பொரிப்பதற்குள் தண்ணீர் எங்கேயோ போயிருக்கும். மேட்டில் தனியாகக் கிடக்கிற கூட்டைக் காக்கை வந்து காலி செய்யும்.

ஓடை வந்து விழுகிற நுனியில் மட்டும் நிலைமை வேறு. அங்கே சரிவு குறைவு. ஓடை மலையிலிருந்து கொண்டு வருகிற கரிய வண்டல் அங்கேதான் முதலில் படியும். கோடையில் தண்ணீர் பின்வாங்கினால் வெண்ணெய் போல மண் வெளியே வரும். வெறும் குச்சியை நட்டாலும் துளிர்க்கும். அதை நாங்கள் தண்ணி விட்ட நிலம் என்போம். பத்திரம் கிடையாது, வேலி கிடையாது, பாதி வருஷம் அது நிலமே கிடையாது. துணிச்சல் உள்ளவர்கள் இறங்கிக் கொத்தலாம். அண்ணிக்குத் துணிச்சல் இருந்தது என்று ஊர் சொல்லும். வேறு வழி இல்லை என்பதுதான் உண்மை.

அண்ணன் அணையில் படகு ஓட்டினான். ஆள் ஏற்றுகிற படகு இல்லை, கட்டை இழுக்கிற படகு. மழையில் மலையிலிருந்து மரங்கள் வேரோடு வரும். விட்டுவைத்தால் மதகு வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் மிதக்கிற மரத்தைக் கயிற்றில் கட்டி, படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்க்க வேண்டும். புதிதாக விழுந்த மரம் சொன்ன பேச்சைக் கேட்கும். ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்த மரம் தண்ணீரைக் குடித்துக் குடித்து, மேலே ஒரு சாண் மட்டும் தெரிகிற மாதிரி மிதக்கும். எப்போது மூழ்கும் என்று சொல்ல முடியாது. படகுக்காரர்கள் அதைக் குடிகாரக் கட்டை என்பார்கள்.

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஆனா நாள் பூரா குடிகாரங்களைக் கைத்தாங்கலா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் என் பொழப்பு" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான்.

"பார்த்து. ஒருநாள் எவனாவது உங்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடப் போறான்" என்பார் அண்ணி.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். அப்படியே நடந்துவிட்டது. அதற்காக அண்ணி தன் நாக்கைத் திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் விரலின் நடுவே, நீர்க்காகங்கள் வந்து உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைக்கிற ஒரு பாறை உண்டு. அதன் அடிவாரத்தை ஒட்டிப் பழைய ஓடையின் பள்ளம். அந்த இடத்தில் ஏரிக்கு ஆழம் அதிகம். காற்றுகூட இல்லாத ஒரு பட்டப்பகலில், அண்ணன் இழுத்து வந்த கட்டை சரியாக அந்த இடத்தில் மூழ்கியது. கயிற்றை அறுக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் போக, மூக்கு நெட்டுக்குத்தாக நின்றது; ஒரே இழுப்பில் படகும் ஆளும் உள்ளே போய்விட்டார்கள். எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பார்த்ததால் இடமாவது தெரிந்தது. மகளுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது.

தேடினார்கள். குறை சொல்ல முடியாது, நன்றாகவே தேடினார்கள். முங்கித் தேடுகிறவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். அவர்களில் பெரியவர், நரைத்த தாடிக்காரர், கடைசி நாள் உதடு நீலம் பாய்ந்து கரையேறினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு அண்ணி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, உள்ளதைச் சொல்றேன். மேல தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு. கொஞ்ச தூரம் கீழ போனா அது வேற ஏரி. ஐஸ் மாதிரி குளிர். இருட்டு. அடியில மரமும் கிளையுமா கிடக்குது, உள்ள போனா நாங்களே மாட்டிக்குவோம்."

"மத்த இடத்துல முழுகினவங்க ரெண்டு மூணு நாள்ல மேல வந்துடுவாங்களே" என்று கேட்டேன் நான்.

"உடம்பு கெட்டாத்தாம்மா மேல வரும். இந்தக் குளிர்ல கெடாது. இங்க போனவங்க வர மாட்டாங்க."

பாவம், வீண் நம்பிக்கை வேண்டாம் என்று எடுத்துச் சொல்லத்தான் அவர் வந்தார். அண்ணி அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அப்போ அவர் அப்படியே இருப்பார்னு சொல்றீங்களா?"

அந்த மனிதர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம்தான். "என்னைக்காவது இந்த ஏரி வத்தும். அன்னைக்கு அவரை எடுத்து என் கையால மண்ணுக்குள்ள வைக்கணும். அதுக்கப்புறம் என்னை எங்க கூப்பிட்டாலும் வர்றேன்" என்றார் அண்ணி. அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. அணை அலுவலகத்தில் அண்ணன் பெயருக்கு எதிரே 'காணவில்லை' என்று எழுதினார்கள். "காணோமாம்! இருக்கிற இடம் ஊர் உலகத்துக்கே தெரியுது, காணோமாம்!" என்று அண்ணி அன்று போட்ட சத்தத்தில் அந்த அலுவலகமே எழுந்து நின்றது. அழுவார் என்று பார்த்தால் இப்படித்தான் ஏதாவது செய்வார்.

ஆனால் இந்த ஏரி வற்றுகிற ஏரி இல்லை. எப்பேர்ப்பட்ட கோடையிலும் பாறைக்கு அடியில் தண்ணீர் கருப்பாக நிற்கும். அண்ணி காத்திருந்தார். காத்திருக்கிற நேரத்துக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த கோடையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணி விட்ட நிலத்தில் இறங்கினார்.

"மேட்டுல எத்தனையோ வேலை கிடைக்கும். இந்தச் சேத்துல போய் உழலணுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"இங்கிருந்து பார்த்தா பாறை தெரியுது" என்றார்.

முதலில் முழங்கால் வரை புதையும். அகலப் பலகையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தபடி முன்னால் இருக்கிற மண்ணைக் கொத்துவார். பிறகு பலகையை நகர்த்துவார். மேல்மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது அதை உடைத்துப் பாத்தி கட்டுவார். வெள்ளரி, காராமணி, மக்காச்சோளம், ஓரத்தில் பூசணி. தண்ணீர் இறங்க இறங்க அண்ணியும் அதன் பின்னாலேயே இறங்கிப் பாத்தி போட்டுக்கொண்டு போவார். மழை தொடங்குவதற்குள் அறுத்துவிட வேண்டும். ஒரு வருஷம் மழை முந்திக்கொண்டது. அத்தனை பூசணியும் மிதந்து ஏரி நடுவுக்குப் போக, விடுதிக்கு வந்தவர்கள் பால்கனியில் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் விரிப்பைக் கொடியில் காயப் போட்டபடி அவர்களைப் பார்த்த பார்வையில் அவர்கள் எரிந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

சாயங்காலம் அண்ணி இடுப்பு வரை சேற்றோடு வீட்டுக்கு வருவார். "வாசல்லயே கழுவிட்டு வாங்க, நான் ஒருத்தி எத்தனை இடத்துலதான் துவைக்கிறது" என்று நான் கத்துவேன். "உன் கை சும்மா இருந்தா உன் வாயை ஊர் தாங்காது" என்பார் அவர். இப்படியே சேற்றுக்காரி ஆனார். அந்தச் சேறுதான் மகளைப் படிக்க வைத்தது. அதை ஊர் சொல்லாது.

வனக்காவலர் மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை மேட்டில் நின்று கூப்பிடுவார். "அம்மா, இந்த மண்ணை இளக்காதீங்க. மழை வந்தா அத்தனையும் உள்ள போகும். ஏரி மேடாயிடும்."

நான் சும்மா இருப்பேனா? "ஏங்க, எங்க அண்ணி நாலு கொத்து கொத்தினா இம்மாம் பெரிய ஏரி மேடாயிடுமா? மேல காட்டை வெட்டி ரோடு போடறாங்களே, மழை பெஞ்சா மலையே கரைஞ்சு வருதே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவரும் பிள்ளை குட்டிக்காரர். தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

ஏரியைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் ஒரு பெருமை இருந்தது. மழைக்காலத்தில் ஓடை செக்கச்செவேல் என்று கலங்கி வரும். ஏரிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கலங்கல், அந்தப் பக்கம் கண்ணாடி. அவ்வளவு கலங்கலும் அந்தக் கோட்டோடு தெளிந்த தண்ணீருக்கு அடியில் நுழைந்து காணாமல் போய்விடும். "எங்க ஏரி எவ்வளவு அழுக்கையும் முழுங்கிடும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வோம். நானே சொல்லியிருக்கிறேன். துணியை விட்டுப் போன அழுக்கு தொட்டியில்தான் இருக்கும் என்பது, தொழிலே அதுவாக இருக்கிற எனக்குத் தெரியாதா? ஏரி என்று வரும்போது அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

குளிர்காலத்தில் சில நாள் ஏரி புரளும். மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடித் தண்ணீர் மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் தெருவரை அடிக்கும். மீன்கள் மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு ஓரத்தில் வந்து நிற்கும். அந்தத் தண்ணீரில் நான் எவ்வளவு அலசினாலும் விரிப்புகள் பழுப்படித்துப் போகும். விடுதி மேலாளர் என்னவோ நான் காப்பியில் முக்கி எடுத்த மாதிரி கத்துவார். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்கிற அந்த நாட்களில் அண்ணி மட்டும் காலையிலேயே கரைக்குப் போவார். குனிந்து அந்தத் தண்ணீரை இரண்டு கையிலும் அள்ளி முகத்தைக் கழுவுவார். ஒரு தடவை பின்னாலேயே போய்த் திட்டினேன்.

"என்ன அண்ணி இது, நாறுது!"

"அவர் பக்கத்துல இருந்த தண்ணிடீ" என்றார்.

அதன் பிறகு அந்த நாட்களில் நான் அவரைத் தடுப்பதில்லை. விடுதிக்குப் போகிற வழியில் நானும் ஒரு கை அள்ளிப் பார்த்திருக்கிறேன். என் அண்ணனும்தானே அவன்.

மகள் வளர்ந்தாள், படித்தாள், சமவெளியில் ஒரு பட்டணத்தில் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணமும் ஆனது. அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தபோது அண்ணி போய்ப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டார். மகள் எனக்குப் போன் செய்து அழுதாள். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க. அம்மாவுக்கு முட்டி ரெண்டும் போச்சு. ராத்திரி அனத்துறாங்க. இன்னும் அந்தச் சேத்துலயே கிடக்கணுமா? என் பிள்ளைக்குப் பாட்டின்னா யாருன்னே தெரியல."

நான் போனை அண்ணி காதில் வைத்தேன்.

"உங்கப்பாவைப் பார்த்துட்டு வந்துடறேன்மா" என்றார், ஏதோ அண்ணன் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிற மாதிரி. எத்தனையோ வருஷமாக இதே பதில்தான்.

போன வருஷம் கோடை தொடங்குகிற நேரத்தில் அணையின் அடிமதகு மாட்டிக்கொண்டது. பாதி திறந்த நிலையில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பார்க்க வந்த பொறியாளர் எங்கள் விடுதியில்தான் தங்கினார். சின்ன வயசு. தன் விரிப்பைத் தானே மடித்து வைக்கிற ஆள், அதனாலேயே எனக்குப் பிடித்துப் போனது. ஏரி முழுவதையும் வற்றடித்தால்தான் மதகைப் பழுது பார்க்க முடியும் என்று அவர் போனில் பேசியதைக் கேட்டேன். கட்டின நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படி வற்றியதில்லையாம்.

துவைத்ததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். அண்ணி பாத்தியில் காராமணி விதை போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் அப்படியே பாத்தி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த விதையை மடியில் போட்டுக்கொண்டு, "ஒரு நல்ல விரிப்பு வேணும். வெள்ளை. புதுசு. ஏரித் தண்ணியில நனைக்காதே" என்றார். சொந்தக் காசில் வாங்கி, குழாய்த் தண்ணீரில் ஒரே ஒரு அலசு அலசி, வெயிலில் காய வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துக் கொடுத்தேன். என் கையால் அதைவிட வெள்ளையாக எதுவும் வெளுத்ததில்லை.

ஏரி இறங்கத் தொடங்கியது. பாதி திறந்த மதகோடு பக்கவாட்டில் இன்னொரு வழியும் திறந்து விட்டார்கள். நாங்கள் பார்த்தே இராத மட்டத்துக்குத் தண்ணீர் போனது. வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக வெளியே வந்தன. மீன்களெல்லாம் உள்ளங்கைப் பக்கம் மிஞ்சிய குட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு செத்தன. ஆற்றில் கீழே போன கருப்புச் சேறு, வழி நெடுக மீனைக் கொன்றுகொண்டே போனதாகச் சொன்னார்கள். ஊர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நாரைகள் எங்கிருந்தோ வந்து இறங்கின. அந்த நாற்றத்திலும் அது திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது.

அண்ணி கூடை எடுக்கவில்லை. தினமும் காலையில் போய்ப் பாறைக்கு எதிரே உட்கார்ந்தார். தண்ணீர் இறங்க இறங்கப் பாறை உயர்ந்துகொண்டே வந்தது. நீர்க்காகங்கள் அதை விட்டுப் போய்விட்டன. ஒருநாள் பாறையின் அடியில் இருந்த தண்ணீரும் வடிந்தது. வடிந்த இடத்தில் பள்ளம் இல்லை. மெழுகிவிட்ட தரை போலச் சமமாக, சாம்பல் நிறத்தில் சேறு விரிந்து கிடந்தது. அதன் மேல் ஓடை ஒரு ஒல்லிக் கோடாக வளைந்து ஓடியது.

"இன்னும் இறங்கணும்" என்றார் அண்ணி.

இறங்குவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? என்ன நடந்திருக்கிறது என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

பொறியாளர் அந்த வாரம் ஏரி முழுவதும் கம்பி இறக்கி வண்டலின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். "எங்க அண்ணன் கிடக்கிற இடம் சார். அந்த இடத்துல ஒரு தடவை இறக்கிப் பாருங்க." அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் காலையில் தன் ஆள் ஒருவரோடு வந்துவிட்டார். சேற்றில் கால் வைத்தால் ஆளை விழுங்கும். அதனால் பலகைகளை ஒன்றன் முன் ஒன்றாகப் போட்டு, கடந்ததை எடுத்து மறுபடி முன்னால் போட்டு நடந்தோம். அதில் எங்களுக்கெல்லாம் அண்ணிதான் முன்னால் போனார். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. கக்கத்தில் விரிப்பு இருந்தது.

பாறையடியில் போய் நின்றதும், "சார், பள்ளம் எங்க?" என்று கேட்டார்.

"இதுதாம்மா அந்த இடம்."

"இது தரை மாதிரி இல்ல இருக்கு?"

அவர் தன் ஆளுக்குக் கை காட்டினார். ஆள் உயரத்தைவிட நீளமான இரும்புக் கம்பி. சேற்றில் வைத்து அழுத்தியதும் தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. அதன் தலையில் இன்னொரு கம்பியை முடுக்கினார்கள். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. நாலாவது பாதியில் 'டொக்' என்று எதிலோ முட்டி நின்றது.

"அவரா?" என்றார் அண்ணி.

அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. புதுப்பெண் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

பொறியாளர் அண்ணி முகத்தைப் பார்க்காமல், "கல்லும்மா. பழைய ஓடையோட அடிக்கல்லு" என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். ஏரிக்குள் வருகிற கலங்கல் எல்லாம் அடியோடு அடியாக ஓடிப் பள்ளத்தில்தான் போய்ப் படியுமாம். வருஷத்துக்கு வருஷம் படிந்து பள்ளம் தூர்ந்துவிட்டதாம். மதகு மாட்டிக்கொண்டதும் இந்த வண்டலால்தானாம்.

"தோண்ட முடியாதா சார்?" என்று நான் கேட்டேன்.

"தோண்டத் தோண்ட மூடிக்கும்மா. இறங்குற ஆளையும் இழுத்துடும். யாரும் அனுமதிக்க மாட்டாங்க."

"இம்மாம் மண்ணு எங்கிருந்து வந்துச்சு?" இது அண்ணி.

"எல்லாம் மேல இருந்துதாம்மா. காடு வெட்டினது, ரோடு போட்டது, மண் சரிஞ்சது. அப்புறம் கோடையில ஓரத்துல கொத்தி…" நுனிப் பக்கம் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே பச்சையாகத் தெரிந்த பாத்திகளைப் பார்த்து நிறுத்தினார். அப்புறம் வருஷக்கணக்காகச் சேறு ஏறிக் கறுத்த அண்ணியின் விரல் நகங்களைப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு?

கம்பியை உருவினார்கள். கம்பியோடு ஒட்டிக்கொண்டு சேறு வந்தது. அண்ணி அதை விரலால் வழித்துக் கட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். அதற்குள் நார்நாராக ஏதோ இருந்தது. மக்காச்சோளத் தட்டையின் தோல். எங்கள் நுனியில் மக்காச்சோளம் போட்டது அண்ணி ஒருவர்தான்.

"இது நம்ம மண்ணு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். "வாயை மூடுங்க அண்ணி! மலையையே வழிச்சு ஏரியில கொட்டினவன் எல்லாம் கார்ல போறான். நீங்க கொத்தினது எம்மாத்திரம்? யானைப் பசிக்குச் சோளப்பொரி! அத வெச்சு உங்களை நீங்களே…"

"எம்மாத்திரமோ. என் பங்கும் இருக்குல்ல."

"அண்ணி!"

"கத்தாதே. அவர் தலைமாட்டுல நின்னு கத்தாதே."

நான் அடங்கினேன். பொறியாளரும் அவருடைய ஆளும் கம்பிகளைச் சத்தமில்லாமல் கழற்றிக் கட்டிக்கொண்டு நாலு பலகை பின்னால் போய் நின்றார்கள். அண்ணி பலகை மேல் குந்தி, அந்தச் சாம்பல் சேற்றை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. இங்கேதான் உடைந்து போகப் போகிறார், இவரை எப்படிக் கரை சேர்ப்பது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தது இதற்குத்தானா? அவனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போய் இடம் பார்த்து உட்கார்ந்து, அங்கே கொத்திய ஒவ்வொரு கொத்துமா அவன் மேலேயே போய் விழுந்திருக்கிறது? கடவுள் என்று ஒருவன் எதிரில் வந்திருந்தால் அன்றைக்கு நான் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் காய்ந்திருந்தது.

"செத்தவங்களுக்கு எல்லாரும் ஒரு பிடி மண்ணு போடுவாங்க. நான் வருஷா வருஷம் போட்டிருக்கேன். தெரியாமலே போட்டிருக்கேன்" என்றார். "என் கையாலதான் வெச்சிருக்கேன் அவரை. நீதான் இன்னும் போடல. போடு."

எனக்குக் கை வரவில்லை. அவரே குனிந்து ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். சேறு பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிரில்தான் இத்தனை வருஷமாக என் அண்ணன் கிடந்தான். கையைத் திறந்தேன், விழுந்தது. அவன் போனபோது அண்ணியைத் தாங்க வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அன்றைக்குத்தான் அந்தச் சேற்று வெளி முழுக்கக் கேட்கிற மாதிரி வாய்விட்டு அழுதேன். அண்ணி என்னை அழ விட்டார். வெள்ளை விரிப்பைப் பிரித்து என் தோளில் போர்த்தினார்.

நான் ஓய்ந்த பிறகு, "புள்ளைக்குப் போன் போடு. நான் வர்றேன்னு சொல்லு" என்றார்.

என் கையெல்லாம் சேறு. துடைத்துக்கொள்ள மனசில்லாமல் அப்படியே போனை எடுத்தேன்.